ஒரு குழி, ஆறு ஆட்டம்

ஏற்காட்டு மலையின் அடிவாரத்தில், பேருந்துகள் ஏறுவதற்கு முன் ஒரு நிமிஷம் நின்று மூச்சு வாங்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு தகரக் கொட்டகை. அந்தக் கொட்டகையில் ஒரு குரு இருந்தாள்.

குரு என்றதும் தாடியும் புலித்தோலும் தேட வேண்டாம். வயது இருபத்தைந்து. பெயர் ஷம்ஷாத். முழுக்கைச் சட்டை, தலையில் இறுக்கிக் கட்டிய துணி, கன்னத்தில் எப்போதும் ஒரு கருப்புத் தீற்றல். அவளுடைய அத்தா மௌத்தானதும், அவர் நடத்திவந்த மெக்கானிக் பட்டறையை மூடிவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மூடவில்லை. மலைக்குச் சரக்கு ஏற்றும் லாரிக்காரர்கள் முதலில் கேலிக்குத்தான் "என்ன குருவே" என்று கூப்பிட்டார்கள். இரண்டு வருஷத்தில் கேலி தேய்ந்து உதிர்ந்துவிட்டது. பெயர் மட்டும் நின்றது.

குருவுக்குச் சீடர் என்று யாரும் கிடையாது, எமில்டா வரும்வரை.

எமில்டா குருவைவிட ஆறு வயது மூத்தவள். ஒரு தை மாதக் காலையில் பழைய ஹெரால்டு கார் ஒன்றை மலையிலிருந்து மெல்ல இறக்கிக்கொண்டு வந்தாள். மாமனார் விட்டுப்போன கார். பதினோரு வருஷம் காபித் தோட்டத்துக் கொட்டடியில் கோழிகள் அதற்குள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. ஏழு மாதமாகத்தான் அது மறுபடி சாலையைப் பார்க்கிறது.

இறங்கியதும் கைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினாள். அடிக்கோல் வைத்து ஓரத்தில் கோடு போட்ட தாள். கன்னியாஸ்திரிகள் பிரம்பு வைத்துத் திருத்திய சாய்வெழுத்து.

ஷம்ஷாத் படித்தாள். முன்பக்கத்துக்குப் புது ஸ்பிரிங் இரண்டு. கூட்டிக் குறைக்கிற ஷாக் அப்சார்பர் இரண்டு. இன்னும் என்னென்னவோ.

"இதெல்லாம் எங்க கிடைக்கும்னு தெரியுமா அக்கா?"

"இங்கிலாந்துல."

"அங்க போய் வர பஸ் எத்தன மணிக்கு?"

எமில்டா சிரிக்கவில்லை. சிரிக்க மறந்தவள் முகம் அது என்று ஷம்ஷாத்துக்குத் தெரிந்துவிட்டது.

"என்கிட்ட பதினெட்டாயிரம் இருக்கு," என்றாள் எமில்டா. "அதுக்கு மேல கிடையாது. கூலி தர முடியாது. நீ சொல்லிக் குடு, வேலைய நானே செய்றேன். முன்பக்கம் மெத்தை மாதிரி ஆகணும். குழியில இறங்கினா உள்ள உக்காந்திருக்கறவங்களுக்குத் தெரியக் கூடாது."

"உள்ள யாரு உக்காரப் போறாங்க?"

எமில்டா கைப்பையை மூடிவிட்டுச் சொன்னாள்.

மகள் அமலிக்கு நாலரை வயது. பிறவியிலேயே எலும்பு கண்ணாடி. ஒருமுறை பலமாகத் தும்மியதில் விலாவில் கீறல் விட்டிருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேலத்து ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்து எலும்புக்கு மருந்து ஏற்றுவார்கள். ஏழு மாதத்துக்கு முன் அப்படி ஒரு நாள், ஆட்டோவில் மலை இறங்கும்போது, மூன்றாவது வளைவுக்குக் கீழே ஒரு குழி. குழந்தை மடியில்தான் இருந்தது. கழுத்தெலும்பு ஒடிந்தது.

"சத்தம் கேட்டுச்சு," என்றாள் எமில்டா. "டிக்குனு."

அன்றையிலிருந்து அவள் குழந்தையை மலையை விட்டு இறக்கவில்லை. இரண்டு முறை மருந்து தவறிவிட்டது. டாக்டரம்மா போனில் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். 'மருந்து போகலேன்னா எலும்பு இன்னும் மெலிஞ்சுக்கிட்டே போகும்மா, மாசி பதினாலுக்கு எப்படியாவது கொண்டு வந்துரு' என்று மட்டும் சொன்னார்.

"வீட்டுக்காரர்?"

"கப்பல்ல. பத்து நாளைக்கு ஒருதரம் பேசுவார்."

அந்தப் பேச்சு எப்படி என்று அவள் சொல்லவில்லை. குரல் கடலைத் தாண்டி வரத் தாமதமாகும். அவன் 'என்ன' என்று கேட்பது இங்கே வந்து சேர்வதற்குள் அவள் 'ஒண்ணுமில்ல' என்று சொல்லி முடித்திருப்பாள்.

ஷம்ஷாத் காரின் முன்பக்கம் போனாள். சக்கரத்துக்கு மேலே மட்கார்டில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து, உடம்பு பாரம் முழுக்கக் கொடுத்து ஒரே ஒரு அமுக்கு அமுக்கிவிட்டுக் கையை எடுத்தாள்.

கார் மேலே எழும்பியது. கீழே போனது. மறுபடி எழும்பியது.

"எண்ணுங்க அக்கா."

எமில்டா எண்ணினாள். "ஆறு."

"நான் எத்தன தடவ அமுக்கினேன்?"

"ஒரு தடவ."

ஷம்ஷாத் அந்தத் தாளை மடிப்பு மாறாமல் நாலாக மடித்து அவள் கையிலேயே கொடுத்தாள்.

"நாளைக்குப் பழைய துணியா உடுத்திட்டு வாங்க."

*

கார் கொட்டகையிலேயே நின்றது. எமில்டா தினமும் ஒன்பது மணி பேருந்தில் இறங்கி மூன்று மணி பேருந்தில் ஏறினாள். அந்த நேரத்துக்குக் குழந்தையோடு இருக்கத் தோட்டத்தில் காபி பறிக்கும் கன்னியம்மா ஒத்துக்கொண்டிருந்தாள். போகும்போதும் வரும்போதும் இருபது கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு ஒரு தடவை மாதாவுக்கு அருள்நிறை மந்திரம். இருபதாவது மந்திரம் முடிகிறபோது பேருந்து நிற்கும்.

முதல் மூன்று நாள் மண்ணெண்ணெயில் கழுவுவதுதான் வேலை. பதினோரு வருஷத்துக் கோழி எச்சம் கரைந்து வந்தது.

"உங்க மாமனார் வண்டி வளத்தாரா, பண்ணை வளத்தாரா?" என்றாள் ஷம்ஷாத்.

நாலாவது நாள் முன்பக்கத்து ஸ்பிரிங்கையும் அதன் வயிற்றுக்குள் நின்ற ஷாக் அப்சார்பரையும் சேர்த்து வெளியே எடுத்தார்கள். ஸ்பிரிங்கை இறுக்கிக் கட்டிப் பிரிக்கும்போது ஷம்ஷாத் சீடரின் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளினாள்.

"அமுக்கி வச்ச ஸ்பிரிங்குக்கு நேரா மூஞ்சிய வைக்காதீங்க. பல்லு கழண்டுரும்."

பிரித்ததும் ஷாக் அப்சார்பரைக் கையில் கொடுத்தாள். எமில்டா அதன் தண்டை இழுத்தாள், அமுக்கினாள். காலிப் பீச்சாங்குழல் மாதிரி சுலபமாகப் போய் வந்தது. உள்ளே இருந்த எண்ணெய் எந்தக் காலத்திலோ காய்ந்துவிட்டது.

"இதுக்கு என்ன வேலை, குரு?"

'குரு' என்ற சொல் அவள் வாயில் முதல் தடவையாக வந்தது. இரண்டு பேருமே அதைக் கவனிக்காதது போல இருந்தார்கள்.

"ஸ்பிரிங் அடிய வாங்கிக்கும். வாங்கினத விடத் தெரியாது. ஆடிக்கிட்டே கிடக்கும்."

"இது?"

"இதுதான் போதும்னு சொல்லும்."

எமில்டா அந்தச் செத்த தண்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

*

வீட்டில் அமலி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூன்று பக்கமும் தலையணை. ஜன்னல் பக்கமும் ஒன்று, காற்று வேகமாக அடித்துக் கதவு அவள் மேல் சாத்திவிடக் கூடாது என்பதற்காக. வெளியே காபிச் செடி. அதற்கு அப்பாலும் காபிச் செடி. அடுத்த வீட்டு விளக்கைப் பார்க்கக் கால் மணி நேரம் நடக்க வேண்டும்.

"உன் கையி நாறுது," என்றாள் அமலி. பிறகு இன்னும் கிட்டே இழுத்து மோந்தாள். அவளுக்கு அந்த வாசனை பிடித்திருந்தது.

"வண்டி கை."

"வண்டிக்கு எந்த எலும்பும்மா உடைஞ்சுச்சு?"

"முன்னங்கால்."

"கட்டுப் போட்டாச்சா?"

"கழட்டி வச்சிருக்கு."

"அழுதுச்சா?"

"வண்டி அழுமா?"

"நானும் அழல," என்றாள் அமலி. "ஆட்டோல நீதான் அழுத."

எமில்டா எழுந்து போய் அடுப்பில் பாலை வைத்தாள். பொங்குகிறவரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

*

ஒரு வெள்ளிக்கிழமை எமில்டா ஒன்பது மணி பேருந்தில் வரவில்லை. பதினோரு மணிக்கு, கோணிப்பையில் எதையோ தூக்கிக்கொண்டு சேலம் பக்கமிருந்து வந்தாள்.

கோணிக்குள் இரண்டு ஸ்பிரிங். பழைய இரும்புக் கடையில் எடுத்திருக்கிறாள். ஏதோ சின்ன காருடையது. கம்பி மெல்லிசு.

"கையால அமுக்கினாலே போகுது பாரு," என்றாள். "எவ்வளவு மெத்துனு இருக்கு."

ஷம்ஷாத் பார்த்தாள். ஒரு லாரியின் அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டிப் பார்த்தாள்.

"மாட்டுங்க," என்றாள். தலை உள்ளே போய்விட்டது.

எமில்டாவே மாட்டினாள். அரை நாள் ஆனது. தனியாக ஒரு முழு வேலையைச் செய்து முடித்தது அதுதான் முதல் தடவை. ஜாக்கியை இறக்கியதும் கார் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு முட்டி போட்டு நின்றது. அதைப் பார்க்காதது போல ஏறி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போனாள்.

நல்ல சாலையில் தொட்டில்தான். அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள். முதல் குழி வந்தது.

டொம்.

ஸ்பிரிங் முழுக்கப் படுத்து, இரும்பு இரும்பில் போய் இடித்தது. அடி ஸ்டீயரிங் வழியாக ஏறி அவள் பல்லில் வந்து நின்றது. ஆட்டோவில்கூட அப்படி விழவில்லை.

திரும்பி வந்து இறங்கியபோது முகம் வெளுத்திருந்தது.

"முன்னாடியே ஏன் சொல்லல?"

"சொன்னா கேட்டிருப்பீங்களா?"

எமில்டா யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாமல் வளர்த்திருந்தார்கள். "கேட்டிருக்க மாட்டேன்."

"அப்ப ரெண்டு பேருக்கும் பேச்சு மிச்சம்."

"மெத்துனு இருந்தா நல்லதுன்னு நெனச்சேன்."

"தாங்குறதுக்குத்தான் அக்கா ஸ்பிரிங்கு. விட்டுக் குடுத்துக்கிட்டே போனா அடி நேரா உள்ளதான் வரும்."

பழைய ஸ்பிரிங்குகளையே கழுவி, வண்ணம் அடித்து வைத்தார்கள். அவற்றில் ஒரு குற்றமும் இல்லை. கழற்றிய ஷாக் அப்சார்பர்களைச் சேலம் அரிசிப்பாளையத்தில் ஒருவரிடம் கொடுத்து உள்வேலை செய்து எண்ணெய் நிரப்பி வாங்கினார்கள். மூட்டுகளில் தேய்ந்திருந்த ரப்பர் புஷ்களுக்கு அளவெடுத்து லேத்தில் புதிதாகக் கடைந்தார்கள். இங்கிலாந்துக்குப் பேருந்து ஏறாமலே பாதித் தாள் முடிந்தது.

*

அப்புறம் ஒரு திங்கட்கிழமை ஷம்ஷாத் சக்கரத்துக்கு அடியில் விரலை வைத்துக் காட்டினாள். சக்கரம் இடமும் வலமும் திரும்புகிறபோது வண்டியின் முன்பாரம் முழுவதும் உட்கார்ந்து சுழல்கிற இடம். ஒரு இரும்புத் தண்டு, அதன் நுனியில் மரை, அந்த மரை போய்த் திருகி நிற்கிற ஒரு பித்தளை முட்டு. உள்ளங்கைக்குள் அடங்கும்.

"இத இன்னும் பாக்கல."

"அத விடு குரு," என்றாள் எமில்டா. குரலில் சின்னப் பெருமை இருந்தது. "அது நல்லாருக்கும். அத நானே பார்த்துக்கறேன். ஏழு மாசமா, ஒவ்வொரு முதல் வெள்ளியும், பூசை முடிஞ்சு வந்ததும் கிரீஸ் அடிப்பேன். ஒரு மாசம் தவறினதில்ல."

ஷம்ஷாத்தின் கை நின்றது.

"கிரீஸா?"

"ஆமா. நல்ல கிரீஸ்."

"வண்டியோட புஸ்தகம் இருக்கா?"

"இருக்கு. படிச்சேன். எண்ணெய்தான் போட்டிருக்கு. கெட்டி எண்ணெய். ஊத்தினேன். மறுநாள் பார்த்தா தரையெல்லாம் கறை, ஒழுகிப் போச்சு. மறுபடி ஊத்தினேன், மறுபடி ஒழுகிச்சு. என்ன பிரயோஜனம்? கிரீஸ்னா எங்கேயும் போகாது. அப்படியே நிக்கும்."

"நிக்கும்," என்றாள் ஷம்ஷாத்.

கழற்றினார்கள். முட்டு முழுவதும் கிரீஸ், மேலே மஞ்சளாக, உள்ளே போகப் போகப் பழுப்பாக. ஷம்ஷாத் ஸ்க்ரூ டிரைவரால் தோண்டி எடுத்தாள். பாதிக்கு மேல் அது கிரீஸாக இல்லை. கோயில் மெழுகுவர்த்தியின் அடிக்கட்டை போல இறுகியிருந்தது. அந்த அடைப்புக்குக் கீழே ஒரு சொட்டு ஈரம் கிடையாது. பதினோரு வருஷம் காய்ந்து கிடந்த மரையில் சிவப்புத் துரு.

ஷம்ஷாத் அந்த இரும்புத் தண்டைப் பட்டறை இடுக்கியில் இறுக்கினாள். சின்னச் சுத்தியலை எடுத்தாள். ஓங்கவில்லை. கதவைத் தட்டுகிற மாதிரி ஒரு தட்டு.

டிக்.

மரையோடு நுனி ஒடிந்து தரையில் விழுந்தது.

அந்தச் சத்தத்தை எமில்டா முன்பே ஒரு தடவை கேட்டிருக்கிறாள். எண்ணெய்ப் பீப்பாய் ஒன்றின் மேல் உட்கார்ந்தாள்.

வெளியே ஒரு பேருந்து நின்று, ஆட்களை ஏற்றி, முதல் வளைவுக்காகக் கியர் மாற்றிக்கொண்டு போனது.

"வளைவுல இது போயிருந்தா?"

"சக்கரம் மடிஞ்சு உள்பக்கமா படுத்துரும்."

"நான் மாசா மாசம் பண்ணேன், குரு."

"தெரியுது அக்கா."

"வேற யாரும் இவ்வளவு பண்ணியிருக்க மாட்டாங்க."

"ஆமா. இவ்வளவு யாரும் பண்ணியிருக்க மாட்டாங்க."

அதைச் சொன்ன குரலில் கேலி இல்லை. கேலி இருந்திருந்தால் எமில்டா சண்டை போட்டிருப்பாள். முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். ஷம்ஷாத் வேறு பக்கம் திரும்பிக் கையைத் துடைத்தாள். நெடுநேரம் துடைத்தாள். பிறகு டீக்கடைக்குப் போய் இரண்டு டீ வாங்கி வந்து ஒன்றைப் பீப்பாய் மேல் வைத்தாள்.

உடைந்துபோன ஹெரால்டு ஒன்று சங்ககிரிப் பக்கம் ஒரு இரும்புக் கடையில் பிரித்துக் கிடந்தது. அதிலிருந்து இரண்டு தண்டும் இரண்டு பித்தளை முட்டும் கிடைத்தன. நல்ல மரை. ஷம்ஷாத் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, கீறலைக் காட்டிக்கொடுக்கும் சாயத் தண்ணீர் தடவி, கீறல் இல்லை என்று தெரிந்த பிறகுதான் சீடர் கையில் கொடுத்தாள். கிரீஸ் கன்னைப் பூட்டி வைத்துவிட்டு எண்ணெய்க் குப்பியை எடுத்து வந்தாள்.

"எத்தன நாளைக்கு ஒரு தடவ ஊத்தணும்?" என்று கேட்டாள் எமில்டா. கையில் பென்சில் இருந்தது.

"ஒழுகினா ஊத்துங்க."

"எப்ப ஒழுகும்?"

"ஒழுகுறப்ப."

"ஒழுகாம இருக்க ஒரு வழியும் இல்லையா குரு? ஒரு சீல், ஒரு வாஷர்..."

"ஒழுகுறதுனாலதான் அது கீழ வரைக்கும் போகுது."

எமில்டா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள். தாளில் ஒன்றும் எழுதவில்லை.

*

மாசி எட்டாம் தேதி வேலை முடிந்தது. ஷம்ஷாத் நகர்ந்து நின்றாள். எமில்டா மட்கார்டில் கைகளைப் பதித்து அமுக்கிவிட்டாள்.

கார் கீழே போனது. மேலே வந்தது. நின்றது.

இன்னொரு தடவை அமுக்கினாள். நின்றது. மறுபக்கம் போய் அமுக்கினாள். நின்றது. ஐந்தாவது தடவை போனபோது, "போதும், பெயிண்ட் போயிரும்," என்றாள் ஷம்ஷாத்.

அன்றைக்கு எமில்டா காரை மலைக்கு ஏற்றிக்கொண்டு போனாள். பத்தாம் தேதி மறுபடி இறக்கிக்கொண்டு வந்தாள். இடது பக்கம் ஏதோ தட்டுகிறது. ஷம்ஷாத் ஓட்டிப் பார்த்தாள். ஒன்றும் தட்டவில்லை. பதினொன்றாம் தேதி வந்தாள். வலது பக்கம் இழுக்கிறது. இழுக்கவில்லை. பன்னிரண்டாம் தேதி என்ன குறை என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை.

"ஏதோ ஒரு சத்தம், குரு. உன் காதுக்கு அது கேக்கல."

பதின்மூன்றாம் தேதி வந்தபோது பின் சீட்டில் தலையணைகள் அடுக்கியிருந்தன. கீழே மூன்று, முதுகுக்கு இரண்டு, இரண்டு கதவிலும் கண்ணாடியை மூடுகிற உயரத்துக்கு ஒவ்வொன்று. நடுவில் ஒரு குழந்தை உட்காரும் அளவுக்குப் பள்ளம்.

ஷம்ஷாத் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்கதவைத் திறந்து, அந்தப் பள்ளத்துக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஓட்டுங்க."

எமில்டா ஓட்டினாள். நாலாவது வளைவு வரை ஏறி, அங்கே திருப்பி, இறங்கி வந்தாள். பத்து கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவில்லை. கூழாங்கல் தெரிந்தால் பிரேக். நிழல் தெரிந்தால் பிரேக். அந்த மூன்றாவது வளைவுக்குக் கீழே இப்போது குழி இல்லை, நெடுஞ்சாலைக்காரர்கள் எப்போதோ மூடிவிட்டார்கள். அங்கேயும் பிரேக். ஒவ்வொரு பிரேக்குக்கும் பின்னால் இருந்தவள் முன்சீட்டில் வந்து முட்டிக்கொண்டு மறுபடி பின்னால் போனாள். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரன் ஒருவன் ஒதுங்கி முந்திக்கொண்டு, "நடந்து போனா சீக்கிரம் போயிரலாம்க்கா," என்று சொல்லிவிட்டுப் போனான்.

கொட்டகை முன்னால் வந்து நின்றது கார். எமில்டாவின் விரல்கள் ஸ்டீயரிங்கை விடவில்லை.

"கேட்டுச்சா?" என்றாள், திரும்பாமல்.

"கேட்டுச்சு."

"எந்தப் பக்கம்?"

"முன்னால. உங்க மூச்சு."

எமில்டா கண்ணாடியில் அவளைப் பார்த்தாள். "வேற?"

"வேற ஒண்ணும் தெரியல அக்கா. வளைவு வந்தது தெரியல, மரம் தெரியல, நீங்ககூடத் தெரியல. தலகாணி மறச்சிருந்துச்சு."

ஷம்ஷாத் இறங்கிச் செருப்பைப் போட்டுக்கொண்டாள். முன்னால் வந்து, மட்கார்டை ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்தாள். தலையை ஆட்டிக்கொண்டாள். கொட்டகைக்குள் ஒரு லாரி அச்சு கழன்று காத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் போனாள்.

எமில்டா பின்னாலேயே வந்தாள்.

"குரு, நாளைக்குக் காலைல நீ மேல வா. ஆறு மணி பஸ்ல வா. எங்ககூட இறங்கு. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போதும்."

"இந்த லாரி நாளைக்குக் காலைல ஏறணும் அக்கா."

"ஒரு மணி நேரம்தானே."

"வண்டி உங்க வண்டி. ஒவ்வொரு போல்ட்டும் நீங்க முடுக்கினது."

"அப்ப ஒண்ணே ஒண்ணு சொல்லு. நாளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லு. நான் போயிடறேன்."

ஷம்ஷாத் லாரியின் அடியில் சாக்கை விரித்துக்கொண்டிருந்தாள்.

"அத நான் எப்படி அக்கா சொல்றது?"

எமில்டா அங்கேயே நின்றாள். ஆறு வாரமாகச் சொல்லாமல் வைத்திருந்தது இப்போது மெல்ல, கோர்வையில்லாமல், வெளியே வந்தது.

"இருபது வளைவு, குரு. நடுவுல வீடு கிடையாது. போன் எடுக்காது. எங்கேயாவது ஒரு இடத்துல அந்தச் சத்தம் கேட்டா நான் யாரைக் கூப்பிடுவேன்? அவர் கடல்ல இருக்காரு. கூப்பிட்டா நாளான்னைக்குத்தான் தெரியும். ராத்திரி அவ மூச்சு விடறாளான்னு நான் கைய வச்சுப் பார்ப்பேன், என் மூச்ச யாரும் பார்க்கல. அத விடு. ஆனா வண்டியில... அந்த மலையில... நான் ஒருத்திதானே இருப்பேன்."

ஷம்ஷாத் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பாப்பா எதுல வரா?"

"என்ன கேள்வி? இந்த வண்டியிலதான்."

"அப்ப ரெண்டு பேரு அக்கா."